ஆங்கிலம் பயிற்றிய வரலாறு

கொழும்பு நகரிலே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றது. ஆயினும், பல ஆண்டுகள் அம்மொழியைப் பாடமாகப் படித்துச் சித்தியெய்திய பிள்ளை, நேர்முகப் பரீட்சையில் ஒரு வினாவுக்கு விடை கூற இயலாது வாயடைத்து நிற்பதை இன்றும் காணலாம். குறை பிள்ளையிடம் உள்ளதா, பயிற்றிய முறையில் உள்ளதா? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் விடை புலப்படும்.

1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின்னர், ஆங்கில அறிவே அரசாங்க உத்தியோகத்துக்கு வாயிற்படி ஆயிற்று. 1835இல் ஜோசப் மார்ஷ் பாதிரியார் தொடங்கிய பள்ளி, கொழும்பு அக்கடமியாகி, 1881இல் றோயல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. கொட்டாஞ்சேனையில் 1865இல் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும், 1869இல் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலையும் எழுந்தன. பின்னாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தையிற் குடியேறிய இலிகிதர் பலரின் வாழ்வு ஆங்கிலத்தையே நம்பியிருந்தது.

அந்நாளைய வகுப்பறையில் நடந்த பயிற்சிகள் யாவை? இலக்கண விதியை நெட்டுருப் பண்ணுதல், சொல்வதெழுதுதல், மொழிபெயர்த்தல், செய்யுளை ஒப்புவித்தல் என்பனவே. தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசிய பிள்ளைக்குத் தண்டம் விதித்த ஆங்கிலப் பாடசாலைகளும் உண்டு. பிழையின்றிப் பிரதி எழுதவல்ல இலிகிதரை உருவாக்குவதற்கு இம்முறை போதுமானதாயிருந்தது. பேச்சோ வகுப்புக்கு வெளியே, விளையாட்டு மைதானத்திலும் விவாத சங்கத்திலும் ஆங்கிலம் வழங்கிய வீடுகளிலும் வளர்ந்தது.

1945இல் நிலைமை மாறிற்று. கன்னங்கராவின் பெருமுயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி ஆயிற்று. 1953 முதல் மேல் வகுப்புகளிலும் அது படிப்படியாக இடம்பெற்றது. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக எல்லாப் பிள்ளைகளையும் நாடி வந்தது. ஆனால், அம்மொழி புழங்கும் வீடும் மைதானமும் அப்பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு இல்லை. பழைய முறை மட்டுமே அவர்களுக்குக் கிட்டிற்று. ஆகவே, எழுத்து ஓரளவு வந்தது; பேச்சு வரவில்லை. ஆங்கிலத்தைச் சிங்கள இளைஞர் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்தமைக்குக் காரணம் இதுவே. சிலர் கையில் அது ஆயுதம், ஏனையோருக்கு அச்சம். இச்சொல்லையே தலைப்பிற் கொண்டு அறிஞர் திரு கந்தையா 1984இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

இவ்வச்சத்தை நீக்கும் வழியின் ஒரு பகுதி தமிழரின் திண்ணைப் பள்ளியிலேயே இருந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்பவர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைப் போல, கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே ‘மதராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவிற்று. மணலில் எழுதிய பிழையை அழிக்க ஒரு கணம் போதும். ஆசிரியர் முன் நாவெழாத பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையிடம் தயங்காது பேசும்.

மற்றைப் பகுதியும் தென்னிந்தியாவிலேயே வெளிப்பட்டது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பாடசாலைகளில் பிரபு என்னும் அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிப்பதை விடுத்து, புகையிரத நேர அட்டவணையையோ ஊர்ப் படத்தையோ பிள்ளைகள் முன் வைத்தார். ஆசிரியர் முதலில் ஒரு புதிரை வகுப்பு முழுவதோடும் ஆங்கிலத்தில் பேசி விடுவிப்பார். அதையொத்த மற்றொன்றைப் பிள்ளை தானே செய்யும். கருத்து விடையில் நிற்க, மொழி தானாகப் பின்தொடர்ந்தது. இலங்கையிலும் 1999 முதல் முதலாம் தரத்தில் செயற்பாட்டு வழியான வாய்மொழி ஆங்கிலம் புகுத்தப்பட்டது.

இவ்வரலாறு காட்டும் உண்மை யாதெனில், பேச ஒரு விடயமும் கேட்க ஓர் ஆளும் இருந்தாலன்றி மொழி நாவில் ஏறாது என்பதே. இதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. வெள்ளவத்தைப் பிள்ளைகளுள் ஒருவரிடம் கரையோரப் புகையிரத நேர அட்டவணையைக் கொடுத்து, மற்றவரைக் கேள்வி கேட்கச் செய்யலாம். கோட்டையிலிருந்து எந்த வண்டியில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவது என்று, யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருக்கும் மாமாவுக்கு அதையே கடிதமாக எழுதச் செய்யலாம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, புனித லூசியாள் பேராலயத்திலிருந்து பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குச் செல்லும் வழியைத் தோழனுக்குச் சொல்ல, தோழன் அதைப் படமாக வரையலாம். வழி தவறினால் படமே காட்டிக்கொடுக்கும். முதலில் தமிழில் யோசித்துக்கொள்ளவும் இடமளித்தல் நன்று. தண்டம் விதித்த காலம் போயிற்று.

பிழை திருத்தலும் இலக்கணமும் வேண்டாம் என்பதன்று. பிள்ளை வாய் திறந்த பின்னரே திருத்துவதற்கு ஏதேனும் இருக்கும். வகுப்பில் நாள்தோறும் பத்து நிமிடமாயினும் ஒவ்வொரு பிள்ளையும் இவ்வாறு பேசக் கிடைக்குமாயின், வசதியுள்ள வீட்டில் பிறவாத பிள்ளையும் ஆங்கிலத்தை அஞ்சாது கையாளும். அந்த வாய்ப்பை அளிப்பதே இலவசக் கல்வியின் எஞ்சியுள்ள கடமை எனலாம்.