சாசனவாதிகளின் தோல்வியும் வெற்றியும்

1848ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆந் தேதி, இலண்டனின் தென்பாலுள்ள கெனிங்டன் திடலிலே தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கூடினர். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவே, அவர்களுக்கு அஞ்சி, நகர்க்காவலை வகுத்திருந்தார். அவர்கள் கொணர்ந்ததோ ஒரு மகஜர்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அவ்வாண்டு பெப்ரவரியிலே பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து மன்னன் லூயி பிலிப்பை ஓடச்செய்திருந்தனர்.

1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் நடுத்தர வகுப்பாருக்கு வாக்குரிமை அளித்தது. அதற்காக உடன் போராடிய தொழிலாளரைக் கைவிட்டது. 1834இன் வறியோர் சட்டமோ, உதவி நாடிய குடும்பங்களை வேலைவிடுதிகளிலே பிரித்து வைத்தது. வாக்கில்லாதவனுக்கு வாழ்வுமில்லை என அவர்கள் உணர்ந்தனர். மரத்தச்சரான வில்லியம் லொவெற் முதலானோர் 1838இல் மக்கள் சாசனத்தை வெளியிட்டனர். வயதுவந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்கு, இரகசிய வாக்களிப்பு, உறுப்பினருக்குச் சொத்துத் தகைமை நீக்கம், உறுப்பினருக்கு ஊதியம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல் என்பன அதன் ஆறு கோரிக்கைகள்.

1839இல் ஏறக்குறைய 13 இலட்சம் பேரும், 1842இல் 33 இலட்சம் பேரும் ஒப்பமிட்ட மகஜர்களைப் பாராளுமன்றம் தள்ளிவிட்டது. 1839 நவம்பரிலே வேல்ஸ் நாட்டு நியூபோட் நகரிற் கிளர்ந்தவருள் இருபதுக்கு மேற்பட்டோர் படையினரின் குண்டுக்கு இரையாயினர். 1848இன் மகஜரிலோ பொய்யொப்பங்கள் காணப்பட்டன. விக்டோரியா மகாராணியின் பெயரும் அதில் இருக்கக் கண்டு சபையினர் நகைத்தனர். இயக்கம் தளர்ந்தது.

அதே ஆண்டு யூனிலே பாரிஸ் தொழிலாளர் மீண்டும் எழுந்து, ஆயிரக்கணக்கில் மடிந்தனர். புரட்சி ஒரே வசந்தத்தில் வழங்கிய ஆடவர் வாக்குரிமை 1850இலே பெரிதும் குறைக்கப்பட்டது.

இங்கிலாந்திலோ, நகைத்த அதே பாராளுமன்றம் 1858இற் சொத்துத் தகைமையை நீக்கியது. 1872இல் இரகசிய வாக்களிப்பை ஏற்றது. 1911இல் உறுப்பினருக்கு ஊதியம் வழங்கியது. 1918இல் வயதுவந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்களித்தது. சாசனம் மறந்த பெண்களுக்குச் சமவாக்குரிமை 1928இலேதான் கிட்டியது. ஆண்டுதோறும் தேர்தல் என்பது மட்டும் நிறைவேறவேயில்லை.

சீர்திருத்தம் அமைதியாக வந்தது என்பது எளிது. ஆயின் அது எண்பது ஆண்டுகள் தாமதித்து வந்தது. அக்கோரிக்கைக்கு ஒப்பமிட்ட கைகளுள் 1918இல் வாக்குச்சீட்டைத் தொட்டவை மிகச் சிலவாகவே இருத்தல் கூடும்.