பெட்ரோல் டேங்கின் ஒடுக்கு: லாபிஸ் வட்டாரத்தை முன்வைத்து ஒரு தொழில் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் சிகாமாட் மாவட்டத்தைச் சேர்ந்த லாபிஸ், 1909இல் ஜொகூர் பாரு வரை நிறைவுற்ற இரயில் பாதையாலும், சிகாமாட்டையும் யோங் பெங்கையும் இணைக்கும் நெடுஞ்சாலையாலும் வளர்ந்த ஊராகும். அதைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைத்த தமிழர்கள் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது, வண்டி பழுதுபார்க்கும் தொழிலும் அவர்கள் வாழ்வில் இடம்பெற்றது.

இத்தொழிலில் டேங்க் ஒடுக்கெடுத்தல் தனி நுட்பமாகும். முழங்கால்களுக்கிடையே டேங்க் அமைந்த பிரிட்டிஷ் வண்டி சாயும்போது, கைப்பிடி திரும்பி டேங்கின் முன்பக்கத்தை இடிப்பதுண்டு. அழுத்தி வளைத்த இரு மெல்லிய எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்யப்படும் டேங்கினுள் கை நுழையாது. ஆகவே உள்ளே தாங்குகட்டை வைத்து வெளியே சுத்தியலால் தட்டும் வழக்கமான முறைக்கு வழியில்லை. பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக வளைந்த கம்பியை விட்டு நெம்புவதும், ஒடுக்கின் நடுவில் கம்பியைப் பற்றவைத்து வெளியே இழுப்பதும், அடிப்பக்கத் தகட்டை வெட்டித் திறந்து தட்டியபின் மீண்டும் ஒட்டுவதும் பட்டறைகள் கைக்கொண்ட மாற்றுவழிகள் ஆகும். மடிப்பு விழுந்த இடத்தில் தகடு நீண்டுவிடுவதால், வெளியே வந்த பகுதி விரல் பட்டாலே உள்ளும் புறமும் ‘டக்’கென்று தாவும்; அதனைச் சூடேற்றி ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருக்குவதில்தான் கைத்திறன் தெரியும். எஞ்சிய பள்ளத்தை முன்பு ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையால் நிரப்பினர். பாலியெஸ்டர் பட்டி, அதாவது கெட்டியாக்கியைக் கலந்ததும் இறுகும் பூச்சு, பரவியபின் தட்டி நிமிர்த்தும் உழைப்பு குறைந்தது.

வண்டியின் வடிவமும் இத்தொழிலின் தேவையைக் குறைத்தது. 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பும், மலேசியாவில் ‘கப்சாய்’ எனப்படும் அதன் வழிவந்த வண்டிகளும் டேங்கை இருக்கையின் அடியில் மறைத்தமையால், ஒடுக்கு விழுவதும் அது கண்ணை உறுத்துவதும் அரிதாயின. ஆனால் 1980களில் வந்த யமஹா ஆர்எக்ஸ்-இசட் போன்ற வண்டிகளில் டேங்க் முழங்கால்களுக்கிடையேதான் அமைந்திருந்தது. அத்தகைய பழைய வண்டிகளை மீட்டெடுப்போர் அசல் டேங்கையே விரும்புவதால், பட்டியை மட்டும் அப்பாமல் தகட்டை நிமிர்த்தும் திறனுக்கு இன்றும் மதிப்புண்டு.

வீட்டில் இப்பணியை மேற்கொள்வோர் ஒன்றை மறத்தலாகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாதலால், வடித்த டேங்கிலும் அது தங்கியிருக்கும். அந்த ஆவி காற்றோடு கலந்து தீப்பிடிக்கும் நிலையில் இருப்பதால், காலி டேங்க் நிறைந்த டேங்கைக் காட்டிலும் ஆபத்தானது. காற்றழுத்தம் செலுத்தி ஒடுக்கைத் தள்ள முயன்றால் இணைப்பு பிளக்கக்கூடும். மடிப்பில்லாத ஆழமற்ற ஒடுக்கை, டேங்கைக் கழற்றிக் கழுவி முற்றிலும் உலர்த்தியபின் பசையால் ஒரு பிடியை ஒட்டி இழுப்பதோடு வீட்டு வேலை முடியவேண்டும்; நெருப்பு தேவைப்படும் வேலை அனைத்தும் பட்டறைக்கே உரியது.