விளக்கம் அடுத்த இதழில்

போன பொங்கலுக்குத் திண்டிவனம் வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது, தகரப் பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. பழுப்பேறிய அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது: ‘மர்ம பங்களா. இதழ் 1. படிக்க 50 காசு.’ கீழே ஒரு இரும்புக் கேட், அதன் பின்னால் மச்சு வீடு, அதற்கும் பின்னால் புளியமரம். மாடி ஜன்னலில் மட்டும் நீல மை.

கதை, ஓவியம், வெளியீடு எல்லாம் நான்தான். வருடம் 2001, எட்டாம் வகுப்பு. பேய் வீடு என்று ஊர் நம்பும் பங்களாவுக்குள் ஒரு விஞ்ஞானி ரகசியமாக ரோபோ செய்கிறான்; நாயகனுக்கு இரும்புக் கை. இரும்புக் கை எங்கிருந்து வந்தது என்று தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்கு விழுப்புரத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் ரயில் பிரியும் ஜங்ஷன் அது. ரயிலில் படித்து முடித்ததை எல்லோரும் விழுப்புரத்தில்தான் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அப்போதைய என் நம்பிக்கை. அந்த அளவுக்குப் பழைய புத்தகக் கடையில் காமிக்ஸ் கிடைத்தது. சணல் கயிற்றில் கட்டிய கட்டுகளைப் பிரித்தால் முத்து, லயன், ராணி மூன்றும் கலந்திருக்கும்.

முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 1972இல் வர ஆரம்பித்தது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. லயனும் ராணியும் 1984இல் வந்தன. மாயாவியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழில் ‘த ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் பிறந்தவன். எழுதியவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கும் லூயி கிராண்டெலுக்கு ஒரு விபத்தில் கை போய் இரும்புக் கை பொருத்துகிறார்கள். அப்புறம் இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, உடம்பு முழுக்க மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் மறையவில்லை. அவன் ஆரம்பத்தில் குற்றவாளி, பிறகுதான் நாயகன்.

அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்துவந்து கதவைத் திறக்கிறது. எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் இதைப் பேய்க்கதை என்றுதான் சொல்லுவார்கள். அதே படத்தை ‘இவன் விரலைப் பிளக் பாயின்ட்டில் விட்டுக்கொண்டான், அதனால்தான்’ என்ற ஒரே வரியில் விஞ்ஞானமாக மாற்றிவிட்டார்கள். திண்டிவனத்தில் அன்றைக்கு இருந்த கரண்டு லட்சணத்துக்கு மாயாவியால் கால்வாசி நேரம்கூட மறைந்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பேய்க்கும் பங்களாவுக்கும் உள்ள உறவும் யோசிக்க வேண்டியது. ‘பங்களா’ என்ற சொல் வங்காளத்து வீட்டைக் குறித்த சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாகச் சுற்றி நம்மிடம் வந்தது. வெள்ளைக்காரத் துரை, கலெக்டர், எஸ்டேட் முதலாளி வாழ்ந்த இடம். தெருவில் இருக்கும் பேய்க்குப் பெயர் உண்டு, கிணற்றில் விழுந்த இன்னார் மகள் என்று உறவுமுறை உண்டு. அதற்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து படையல் போடுவார்கள். பங்களாப் பேய் யாரென்றே யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில்தான் காமிக்ஸ்காரர்கள் விஞ்ஞானியைக் குடிவைத்தார்கள். லயனில் வந்த ஸ்பைடர்கூடத் தலைமையகமாக வைத்திருந்தது ஒரு பழங்காலக் கோட்டையைத்தான். உள்ளே முழுக்க இயந்திரங்கள்.

இந்தச் சேர்க்கை காமிக்ஸுக்கும் நூறு வருடம் முந்தையது. லண்டன் ரீஜென்ட் வீதியில் ராயல் பாலிடெக்னிக் என்று ஒரு நிறுவனம். பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தைச் செய்து காட்டுவது அதன் வேலை. ஜான் ஹென்றி பெப்பர் என்ற வேதியியல்காரர் 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், சார்லஸ் டிக்கன்ஸின் பேய்க்கதை ஒன்றிலிருந்து ஒரு காட்சியை அங்கே மேடையேற்றினார். மேடையில் மாணவன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒளி ஊடுருவும் உருவம் ஒன்று எழுகிறது, மறைகிறது.

சூத்திரம் எளிமையானது. மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே பெரிய கண்ணாடி சாய்வாக நிற்கும். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் பேய் வேஷக்காரர் ஒளிந்திருப்பார். அவர்மேல் பலமான வெளிச்சம் போட்டால் அவர் பிம்பம் கண்ணாடியில் விழும். ராத்திரி விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே லைட் எரியும்போது உங்கள் முகம் வெளியே இருட்டில், கரும்புத் தோட்டத்தின்மேல் மிதந்துகொண்டே வரும். அதுதான் பெப்பரின் பேய்.

மூல யோசனை அவருடையது இல்லை, ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. அதைச் சாதாரண அரங்கில் செய்யக்கூடியதாக மாற்றியது பெப்பர். ஆனால் உலகம் பூராவும் அதற்குப் ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’ என்றுதான் பெயர். டிர்க்ஸுக்கு இது கடைசிவரை மனக்குறை. ஆபீசில் நாம் எழுதிய கோடை வேறொருவர் டெமோ காட்டிப் பேர் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு டிர்க்ஸ் பக்கம் நிற்கத் தோன்றும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அன்றிரவு காட்சி முடிந்ததும் இது எப்படி நடந்தது என்று விளக்கிவிட வேண்டும் என்பதே தன் திட்டம் என்று பெப்பர் பிற்பாடு எழுதினார். விஞ்ஞான நிறுவனம், அதனால் விளக்கம்தானே நிகழ்ச்சி. ஆனால் கூட்டம் மிரண்டுபோனதைப் பார்த்ததும் விளக்கத்தைத் தள்ளிவைத்தார். காப்புரிமைக்கு ஏற்பாடு செய்யப் போனார். பயத்துக்குத்தான் டிக்கெட் விற்கும் என்று ஒரே ராத்திரியில் புரிந்துவிட்டது.

தமிழில் இந்த விளக்கத்தோடு பெரிதாக விளையாடியவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்த ‘கொலையுதிர் காலம்’ அச்சு அசலான பங்களாப் பேய்க்கதை. சொத்துக்கு வாரிசான இளம்பெண் லீனா, இருட்டில் தோன்றும் உருவங்கள், கொலைகள், விசாரிக்க வரும் கணேஷும் வசந்தும். விளக்கமாக அவர் கொண்டுவந்தது ஹோலோகிராம். 1940களின் இறுதியில் டென்னிஸ் கேபர் அதற்கான கோட்பாட்டை உருவாக்கினார்; 1960இல் லேசர் வந்த பிறகே நல்ல முப்பரிமாண பிம்பங்கள் சாத்தியமாயின; 1971இல் கேபருக்கு நோபல். சில வருடங்களில் அது குமுதம் வழியாகத் தமிழ் வீடுகளின் திண்ணைக்கு வந்துவிட்டது. பெப்பரின் கண்ணாடி இருந்த இடத்தில் லேசர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் சுஜாதா முடிவில் எல்லாக் கதவையும் சாத்தவில்லை. விஞ்ஞான விளக்கம் ஒரு பக்கம், அது போதாது என்ற உறுத்தல் இன்னொரு பக்கம் என்று விட்டுவிட்டார். கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. ‘இன்ஜினியரா இருந்துகிட்டு இப்படிப் பண்ணலாமா?’ என்று ரூம்மேட்டோடு சண்டை போட்டேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு எவ்வளவு இருந்தது என்பதற்குத்தான் இந்த நோட்டு.

நோட்டில் நான் வரைந்திருந்தது நிஜமான வீடு. எங்கள் தெருக்கோடியில் இருந்தது. திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம் என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊர் நடுவில் கோயில் கொண்டிருக்கும் ஈஸ்வரருக்கும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். புளியமரம் என்றால் பேய் என்று ஏற்கெனவே பாதிக்கதை தயாராக இருக்கும் ஊரில், அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய புளியமரம். ஒரு ஆயா மட்டும் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளியூரில். ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடி ஜன்னலில் நீல வெளிச்சம் துடிக்கும். சத்தம் மட்டும் இருக்காது.

அந்த நீலம் போதாதா? இரண்டே வாரத்தில் நோட்டு தயாரானது. எட்டு ‘பி’யில் ஆரம்பித்து ஒன்பதாம் வகுப்பு வரை போனது. நாலு ரூபாய் சம்பாதித்தேன். இரவல் போனது வீடுகளுக்கும் போயிருக்க வேண்டும். நோட்டில் விஞ்ஞானியாக இருந்தவன் திரும்பி வரும்போது வெறும் பேயாகியிருந்தான். ரோபோவை யாரும் நம்பவில்லை, நீல வெளிச்சத்தை எல்லோரும் நம்பினார்கள். பால்காரர் கேட்டிலேயே பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். வேலைக்கு வந்த அம்மா, சாயங்காலம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது இதழுக்குத் தகவல் சேகரிக்க நானும் ஒரு நண்பனும் ஒரு ராத்திரி அங்கே போனோம். கேட் பூட்டவில்லை. வெளிப்படிக்கட்டில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தால், பிரம்பு நாற்காலியில் ஆயா, எதிரே கறுப்பு வெள்ளை டிவி. ஏதோ பழைய படம். யார் வாயசைத்தாலும் ஒரு சத்தம் இல்லை. நண்பன் கால் பட்டு ஒரு பூந்தொட்டி உருண்டது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நிழல் அசைந்ததைப் பார்த்துத்தான் திரும்பினார்.

“யாரு கண்ணு அது? உள்ள வாங்க.”

உள்ளே போனோம். சத்தம் ஏன் வரவில்லை என்று நான் கையால் ஜாடை காட்டிக் கேட்டேன்.

“எனக்குத்தான் காது கேக்காதே. அப்புறம் எதுக்குக் கரண்டை வேஸ்ட் பண்ணணும்னு சத்தத்தைக் கொறச்சு வெச்சிருக்கேன்.”

ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னோம். பாதி கேட்டிருக்கும்.

மர்மம் தீர்ந்துவிட்டது. காமிக்ஸில் கடைசி இரண்டு பக்கத்தில் வருமே, திரையை விலக்கினால் பின்னால் இயந்திரம், அது என் கையில் இருந்தது. நான் அதை வரையவில்லை. வெட்கமாக இருந்ததா, பயமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது: ‘காது கேளாத ஆயா டிவி பார்க்கிறார்’ என்ற கதையை யாரும் ஐம்பது காசு கொடுத்துப் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஆயாவை மகள் வந்து கூட்டிப்போனார். வீட்டை விற்றார்கள். “பேய் வீடுன்னு பேராயிடுச்சே, அதைச் சொல்லியே அடிமாட்டு விலைக்குக் கேட்டாங்களாம்” என்று அம்மா அப்பாவிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. அந்த வீட்டைப் பற்றி எனக்கு முன்பே பேச்சு இருந்திருக்கலாம். புளியமரமே போதுமாயிருந்திருக்கலாம். ஆனால் பேச்சுக்கு முகவரியும் படமும் கொடுத்தது என் நோட்டு.

பேய் வீட்டுக் கதைகளில் பேயை யார் ஓட்டுகிறார்கள் என்று தேடத்தான் காமிக்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வயரைத் தேடு, கண்ணாடியைத் தேடு. அந்தப் பழக்கம்தான் என்னை இன்ஜினியரிங் பக்கம் தள்ளியது. விக் டேண்டி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தன் ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததையும் உடல் சில்லிட்டதையும் ஆராய்ந்து, ஒரு மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான, காதுக்குக் கேட்காத அதிர்வு அங்கே தேங்கி நின்றதே காரணம் என்று 1998இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது, ‘நம்ம ஆளு’ என்று தோன்றியது. பெப்பரைப் போலில்லாமல் அவர் கடைசிப் பக்கத்தையும் வெளியிட்டார். லீனாவின் பங்களாவில் வயரோடு சேர்த்து சொத்துப் பத்திரமும் இருந்ததை, இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். எங்கள் தெருவில் பத்திரம் யார் கைக்குப் போனது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

அந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். கீழே மெடிக்கல் ஷாப், செல்போன் கடை. புளியமரம் இல்லை. பொங்கலன்று நோட்டைப் புரட்டிய என் பெண், கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தேன்: ‘நீல வெளிச்சத்தின் ரகசியம் என்ன? அடுத்த இதழில்! காத்திருங்கள்!’

“அடுத்த புக் எங்கப்பா?” என்றாள்.

அவளை உட்காரவைத்து ஆயாவைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஆயா நிஜமாவே பேய் இல்லையா?” என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.