மத்தி மீன் கூறும் வரலாறு

மாணவர்களே, வரலாறு என்றால் மன்னர்களின் வரிசையே என்று எண்ணி நானும் பல்லாண்டுகள் பாடம் நடத்தினேன். ஒரு சிறு மீனுக்கும் வரலாறு உண்டு என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். மேலைக் கடற்கரையில் மத்தி என்றும், நம் பக்கத்தில் சாளை என்றும் வழங்கும் மீனே அது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் கேரளக் கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதனுடன் வரும் சத்துகளால் நுண்ணிய பாசிகள் செழிக்கின்றன. அவற்றை உண்டே மத்தி பெருகுகிறது. ஆகவே காற்றோ வெப்பமோ சிறிது மாறினும் மீனின் வரவு மாறிவிடும்.

1940களில் மலபார்க் கரையில் மத்தி அரிதாயிற்று. 1943-இல் சென்னை அரசாங்கம் இளமீன் பிடிப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 1950களின் பிற்பகுதியில் மீன் மீண்டும் பெருகியது. முன்பு பெரும்பாலும் மலபார்க் கரைக்கே உரியதாயிருந்த இம்மீன், 1980களுக்குப் பின் வடக்கேயும் தமிழகக் கீழ்க்கரையிலும் மிகுதியாகக் கிடைக்கலாயிற்று. கடல்நீரின் வெப்பம் ஏறியதே இதற்குக் காரணம் என்பது, 1947-இல் நிறுவப்பெற்று இன்று கொச்சியில் விளங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்களின் கருத்து.

ஆயின், 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்த கேரளத்தில், 2021-இல் கிடைத்தது 3,500 டன்னுக்கும் குறைவு! கடலின் மாறுதலோடு, இளமீன்களை வாரிய பேராசையும் பழியிற் பங்குடையது. வலை வெறுமையாகத் திரும்பினால், மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது எங்ஙனம்?

புவியின் வெப்பத்தைத் தணிப்பது உலக நாடுகள் அனைத்தின் கடன். இளமீனை வளரவிடுவது நம் கடன். முன்னது நிறைவேறும்வரை பின்னதை ஒத்திவைத்தல் தகாது.