மருத்துவமனையின் திறனை எதைக் கொண்டு அளப்பது?

அரசு மருத்துவமனைகளின் செயல்திறனை ஒப்பிட, 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் வகுத்த ‘தரவு உறைப் பகுப்பாய்வு’ முறை உலகெங்கும் பயன்படுகிறது. மருத்துவர்கள், செவிலியர்கள், படுக்கைகள் இதில் உள்ளீடுகள். புறநோயாளிகள், பிரசவங்கள், அறுவை சிகிச்சைகள் வெளியீடுகள். இருக்கும் வளத்தைக் கொண்டு மிகுதியாகப் பணியாற்றும் மருத்துவமனை 1 என்ற மதிப்பெண் பெறும். பின்தங்கியவை அதனினும் குறைவாகப் பெறும்.

2018 மார்ச்சில் குரங்கணி மலைக்காட்டுத் தீயில் காயமுற்றோர் பலர் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். கடுமையான தீக்காயமுற்றோர் மதுரைக்கு அனுப்பப்பட்டனர். முதலுதவி அளித்து, உரிய நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்பும் இப்பணி மேற்கூறிய வெளியீடுகள் எதிலும் அடங்காது.

அதையும் மலைப்பாதையின் தொலைவையும் கணக்கில் சேர்க்காத மதிப்பெண்ணை நம்பி நிதியையோ பணியிடங்களையோ குறைத்தால், இழப்பு ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கே.