நார்கொண்டம் தீவின் மூஞ்சூறு

உலு யாமில் பாட்டியோடு தோட்டத்து லயத்தில் இருந்தபோது, இரவானால் சுவரோரமாகக் 'கீச் கீச்' என்று ஒன்று ஓடும். விளக்குமாற்றைத் தூக்கினால் பாட்டி விடமாட்டார். "அடிக்காதடா, பிள்ளையாரோட வாகனம்." பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் அதைச் செஞ்சுருட் என்பார்கள். நாங்கள் எல்லாருமே எலி வகை என்றுதான் நினைத்திருந்தோம். மூஞ்சூறு எலியே இல்லை. எலிக்குரிய கொறிபல் அதற்குக் கிடையாது. பூச்சி புழு தின்பது. முள்ளெலிக்குத்தான் கொஞ்சம் கிட்டத்துச் சொந்தம்.

அந்தமானுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, நார்கொண்டம் என்று ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். உயரமோ 700 மீட்டரைத் தாண்டும். 2021இல் அங்கிருந்து புது மூஞ்சூறு இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. குரோசிடுரா நார்கொண்டமிக்கா. கண்டுபிடித்தது இந்திய விலங்கியல் ஆய்வகம். கட்டுரை ஆசிரியர்களில் கமலக்கண்ணன், சிவபெருமான், கோகுலகிருஷ்ணன், வெங்கட்ராமன் என்ற பெயர்களைப் பார்த்ததும், உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஏன் என்றால் இந்தக் கதையின் முந்தைய அத்தியாயங்களில் நம் பக்கத்துப் பெயர்களே இல்லை. 1901இல் வில்லியம் அபோட் என்ற அமெரிக்கர் சொந்தச் செலவில் 'டெராபின்' என்ற பாய்மரக் கப்பலில் அந்தமான், நிக்கோபாரைச் சுற்றினார். கூடப் போனவர் போடன் குளோஸ். கப்பலோட்டியவர்கள் மலாய்க்காரர்கள். பிடித்தவை வாஷிங்டனுக்குப் போயின. அங்கே உட்கார்ந்து கெரிட் மில்லர் 1902இல் அந்தமான் மூஞ்சூறு, நிக்கோபார் மூஞ்சூறு இரண்டுக்கும் பெயர் வைத்தார். 1913இல் லண்டனிலிருந்து ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் இன்னொன்று. 1978இல்தான் சக்ரவர்த்தி என்ற இந்தியர் ஒன்றை விவரித்தார்.

குளோஸ் பிற்பாடு நம்ம கோலாலம்பூர் அருங்காட்சியகத்தில் ராபின்சனோடு வேலை பார்த்தவர். 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி தரைமட்டமானது. பழைய தோலும் மண்டையோடும் எதற்கு என்று கேட்கலாம். புது இனம் என்பது காட்டில் பார்த்ததும் தெரிவதில்லை. மண்டையோட்டின் மேடு பள்ளம், பல்லின் அமைப்பு, வாலின் தடிமன் எல்லாவற்றையும் பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். நார்கொண்டம் மூஞ்சூற்றுக்கு மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மற்ற இனங்களிலிருந்து 8 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தது. கடலிலிருந்து எழுந்த தீவுக்கு அது எப்படி வந்தது? மிதந்து வந்த மரக்கட்டையில் இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தத் தீவில் ரேடார் நிலையம் கட்ட இந்தியக் கடலோரக் காவல்படை கேட்டது. 2012இல் ஜெயந்தி நடராஜனின் சுற்றுச்சூழல் அமைச்சு மறுத்தது. காரணம், அங்கே மட்டுமே வாழும் நார்கொண்டம் இருவாச்சி. 2014இல் ஆட்சி மாறியதும் அனுமதி கிடைத்தது. இரண்டு தடவையும் பேச்சு இருவாச்சியைப் பற்றித்தான். மூஞ்சூறு எந்தக் கோப்பிலும் இல்லை. அதற்கு அப்போது பெயரே கிடையாதே.

நான் பொறியாளன். வடிகால் வேலைக்கு முன்னால் வரும் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் புரட்டியிருக்கிறேன். ஒன்றில் 'சிறு பாலூட்டிகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: எலி, அணில் முதலியன. அந்த 'முதலியன'வைத் தாண்டி நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.