கரிசல் பருத்தியும் ழூயித் துணியும்

பிரெஞ்சு அலங்காரக் கலை என்றதும் வெர்சாய் மாளிகையின் கண்ணாடிக் கூடமும் பொன்முலாம் பூசிய இருக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. அக்காலச் செல்வர் வீடுகளின் திரைச்சீலைகளில் மலர்ந்த பூக்களுக்கு வேர் நம் பக்கம் இருந்ததை நாம் அதிகம் பேசியதில்லை.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல்காட்டு மக்களான நமக்குப் பருத்தியின் குணம் தெரியும். பட்டையும் கம்பளியையும் போல அது சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் அதை வசப்படுத்தியிருந்தார்கள். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் பூ வரைந்து, மணற்பாங்கான நிலத்தில் விளையும் இம்பூறல் என்னும் சாயவேரோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். மற்ற இடங்களை மெழுகால் மூடி, அவுரியில் தோய்த்து நீலம் ஏற்றுவார்கள்.

நம் தூத்துக்குடியில் 1658 முதல் டச்சுக்காரர்கள் துணி கொள்முதல் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674 முதல் பாண்டிச்சேரியில் காலூன்றினார்கள். அவர்கள் அனுப்பிய பூத்துணி பிரான்சில் பெரும் மோகமாயிற்று. பட்டு, கம்பளி நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று 1686இல் பதினான்காம் லூயி அரசு இறக்குமதியையும் உள்நாட்டு நகலையும் தடை செய்தது. தடை 1759 வரை, 73 ஆண்டுகள் நீடித்தது. கள்ளத்தனமாக வந்த துணியோ அரண்மனைச் சீமாட்டிகளின் உடலிலேயே விளங்கிற்று.

தடைக்காலத்திலேயே வித்தையை அறியும் முயற்சியும் நடந்தது. ஆர்மீனியர் வழியாக ஓரளவு அது மார்செய் துறைமுகத்துக்கு முன்பே போயிருந்தது. 1734 வாக்கில் போலியூ என்ற கப்பல் அதிகாரி பாண்டிச்சேரியில் சாயமிடுவதை அருகிருந்து கவனித்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்துக்கொண்டார். ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ, 1742இல் செய்முறை முழுவதையும் கடிதமாக எழுதினார்.

தடை நீங்கியதும், 1760இல் பாரிசுக்கு அருகே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தம் ஆலையைத் தொடங்கினார். 1770 முதல் செப்புத் தகட்டால் அச்சிட்டார்கள். ஓவியர் ஊவே தீட்டிய இடையர்களும் மரநிழல்களும் அத்துணிகளில் இன்றும் அழகு குன்றவில்லை. அந்தக் கோடுகள் முழுக்கப் பிரெஞ்சுக் கற்பனையே. சாயவேரின் இடத்தில் மஞ்சிட்டி இனத்து மேடர் வேரைப் பயன்படுத்தினார்கள். சாயத்தைப் பிடித்து நிறுத்தும் நுட்பம் மட்டும் நம் கரையில் கண்ட அதே படிகாரமும் இரும்பும்தான்.

ஓபர்காம்பின் பெயரும் ஊவேயின் பெயரும் நூல்களில் உள்ளன. போலியூவுக்கும் கேர்தூவுக்கும் கற்றுக்கொடுத்த சாயக்காரர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. பிரெஞ்சு அழகைப் போற்றுவதில் நமக்குத் தயக்கமில்லை. போற்றும்போது அந்தப் பெயரற்ற கைகளையும் சேர்த்தே நினைப்பது பருத்தி விளையும் மண்ணில் வாழும் நம் கடமை.